நெகட்டிவ் என்று வந்த பிறகும் ஏன் மாத்திரை? உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட்டுகள் பற்றி

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா ஆடு மேய்ப்பவர், சீமைக்கருவேல விறகும் வெட்டுவார். கார்த்திகை மழை விட்ட கையோடு காய்ச்சல். ஐந்தாம் நாள் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். டெங்கு என்எஸ்1 நெகட்டிவ். டைஃபாய்டுக்கான வைடால் டெஸ்ட் 1:80. வெயில்-ஃபெலிக்ஸ் டெஸ்ட்டில் ஓஎக்ஸ்-கே 1:80. ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலைசா 0.41, கட்-ஆஃப் 0.50, அதனால் நெகட்டிவ். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிவிட்டார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. "நெகட்டிவ் என்று தெரிந்தும் ஏன் மாத்திரை அக்கா? இத்தனை டெஸ்ட்டில் எதை நம்புவது? ஆட்டின் காதில் இருக்கும் உண்ணியைப் பிடித்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாமா? துபாயில் இருக்கும் அண்ணன் லைம் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார், எடுக்கட்டுமா?"

தம்பி, உங்கள் டாக்டர் செய்தது சரி. லேப் கொடுத்த ரிப்போர்ட்டும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்பதுதான் விஷயம். இருபத்தைந்து வருஷம் மைக்ரோபயாலஜி லேபில் சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிநீர்) பிரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் காய்ச்சலில் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைவிட, ரத்தம் எடுத்தது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதுதான் முக்கியம். அந்த நாளை யாரும் சீட்டில் எழுதுவதில்லை. பெயர், வயசு, கட்டணம் எல்லாம் இருக்கும், அது மட்டும் இருக்காது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸைத்தான். ஆனால் அதைப் பரப்புவது ஆட்டுக் காதில் துவரம்பருப்பு மாதிரி உப்பிக்கொண்டு தொங்கும் உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு அது. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. கடித்தால் அரிக்காது, வலிக்காது. இரண்டு மூன்று நாள் தோலில் ஒட்டியிருந்துவிட்டு விழுந்துவிடும். எலிகள் நடமாடும் புதர்க்காடு அதற்குப் பிடித்த இடம். உள்ளே இருக்கும் கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமூஷி, ஜப்பானியப் பெயர். ஓர் உண்ணிச்செடியும் நம் வேலிகளில் உண்டு, அதற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை, பாவம். ஆட்டிலும் நாயிலும் இருக்கும் நிஜ உண்ணி பரப்பும் காய்ச்சல் தனி. அதை இந்திய உண்ணி டைபஸ் என்பார்கள், கிருமி ரிக்கெட்சியா கொனோரி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தக் கிருமிகள் சாதாரண பாக்டீரியா மாதிரி ரத்தத்தில் நீந்திக்கொண்டிருப்பவை அல்ல. உயிருள்ள செல்லுக்கு உள்ளே மட்டும்தான் பெருகும். அதிலும் ரத்தக் குழாயின் உட்சுவரில்தான் குடியிருக்கும். அதனால் 'பிளட் கல்ச்சர்' பாட்டிலில் ஐந்து நாள் வைத்தாலும் எதுவும் முளைக்காது. கல்ச்சரில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்தால் இந்தக் காய்ச்சல் இல்லை என்று அர்த்தமாகாது. உயிர்ச்செல்களில் வளர்க்க முடியும், ஆனால் அதற்கு மிகுந்த பாதுகாப்புள்ள பெரிய லேப் வேண்டும். மாவட்ட அளவில் நடக்கிற காரியமில்லை. ஆக நாம் தேடுவது பெரும்பாலும் கிருமியை அல்ல, அது வந்து போன தடயத்தை.

அந்தத் தடயங்களில் முதலாவதற்கு லேபே வேண்டாம். பூச்சி கடித்த இடத்தில் பீடியால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. இது எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களிடமும் பெரும்பாலும் தேடாததால் கண்ணில் படுவதில்லை. என் சித்திக்கு ஒன்பது நாள் காய்ச்சல். மூன்று இடத்தில் மூன்று தடவை டெங்கு டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் படுக்க வைத்தும் புடவையை விலக்கிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கடைசியில் உடம்பு துடைத்துவிட வந்த நர்ஸ் ஒருவர்தான், பாவாடை நாடா இறுகும் இடத்தில் அந்தக் கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். மார்புக்கு அடியில், அக்குளில், தொடை இடுக்கில், இடுப்பு மடிப்பில், ஆண்களுக்கு விதைப்பையில் என்று மறைவான இடங்களில்தான் அது இருக்கும். சரி, இப்போது உங்கள் அம்மாவுக்கும் வீட்டுப் பெண்கள் யாராவது நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கட்டும். காய்ச்சல் விட்ட பிறகும் அந்தப் பொருக்கு சில நாள் இருக்கும். இருந்தால் நீங்கள் கேட்ட கேள்வியில் பாதிக்கு அதுவே பதில்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். வெயில்-ஃபெலிக்ஸ் நூறு வயசு கடந்த டெஸ்ட். 1916இல், முதல் உலகப்போர் நேரத்தில், டைபஸ் நோயாளி ஒருவரின் சிறுநீரில் கிடைத்த புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவை வைத்து எட்மண்ட் வெயில், ஆர்தர் ஃபெலிக்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. டைபஸ் கிருமிக்கும் புரோட்டியஸுக்கும் நேரடி உறவில்லை. இரண்டின் மேற்பரப்பிலும் ஒரே சாயலில் ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது, அவ்வளவுதான். டைபஸுக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்புப் பொருள், ஆள் மாறாட்டத்தில் புரோட்டியஸையும் பிடித்துத் திரட்டிவிடும். அந்தத் திரட்சியைத்தான் நாங்கள் படிக்கிறோம். ஓஎக்ஸ்-கே என்ற புரோட்டியஸ் வகை திரண்டால் ஸ்க்ரப் டைபஸ் பக்கம். ஓஎக்ஸ்-19, ஓஎக்ஸ்-2 திரண்டால் மற்ற டைபஸ், உண்ணி டைபஸ் பக்கம்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. ஓஎக்ஸ்-கே வகை ஸ்க்ரப் டைபஸைக் காட்டும் என்பது தெரியவந்தது மலேயாவில். 1920களில் கோலாலம்பூரில் ஃபிளெட்சர், லெஸ்லர் என்ற ஆய்வாளர்கள், ஊருக்குள் வரும் டைபஸ் வேறு, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் வரும் டைபஸ் வேறு என்று பிரித்தது இந்த டெஸ்ட்டால்தான். மலேயாத் தோட்டங்களில் வேலைக்குப் போனவர்கள் யார் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வரலாறு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் டெஸ்ட் பலவீனமானது. நோய் நிச்சயமாக உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேரைத் தவறவிட்டுவிடும். இரண்டாவது வாரத்துக்கு முன்னால் பெரும்பாலும் எழாது. சிறுநீர்க் குழாயில் புரோட்டியஸ் தொற்று இருந்தாலும், எலிக்காய்ச்சல் இருந்தாலும் பொய்யாக எழும். மேலும் இது குழாயில் கலந்து ராத்திரி முழுக்க வைத்துப் படிக்க வேண்டியது. அதையே ஸ்லைடில் இரண்டு நிமிஷத்தில் ஆட்டிப் பார்த்து எண் எழுதிவிடுகிற லேப்களும் உண்டு. 1:80, அதாவது சீரத்தை எண்பது மடங்கு நீர்த்த பிறகும் திரண்டது என்பது, ஆரோக்கியமானவர்களிடமும் காணக்கூடிய அளவு. உங்கள் அம்மாவின் இந்த எண்ணை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வேறு வசதி இல்லாத இடத்தில் இதுவாவது இருக்கட்டும் என்றுதான் இன்னும் வைத்திருக்கிறோம்.

வைடால் 1:80-ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். டைஃபாய்டு கிருமியோடு பழகிய ஊரில் ஒற்றை வைடால் எதையும் நிரூபிக்காது. இந்த எண்ணைக் காட்டி 'டைஃபாய்டு லேசாக இருக்கு' என்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம் கடற்கரை நெடுக இருக்கிறார்கள்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய டெஸ்ட் அந்த ஐஜிஎம் எலைசா. இதில் புரோட்டியஸ் இல்லை. ஓரியன்ஷியாவின் மேலுறையில் இருக்கும் 56 கிலோடால்டன் எடையுள்ள புரதத்தையே செயற்கையாகச் செய்து தட்டின் குழிகளில் பூசியிருப்பார்கள். அம்மாவின் சீரத்தில் அதற்கான ஐஜிஎம், அதாவது நோய் வந்ததும் உடம்பு முதலில் செய்யும் எதிர்ப்புப் பொருள், இருந்தால் ஒட்டிக்கொள்ளும், நிறம் வரும், அந்த நிறத்தின் அடர்த்தியை இயந்திரம் எண்ணாக்கித் தரும். 0.41 என்பது அந்த அடர்த்தி. 0.50 என்பது, இதற்கு மேலே போனால் பாசிட்டிவ் என்று கோடு போட்ட இடம். அந்தக் கோட்டை கடவுள் போடவில்லை. இந்தப் பூச்சி நிறைய உள்ள பகுதியில் பலருக்கு உடம்பில் ஏற்கனவே கொஞ்சம் எதிர்ப்புப் பொருள் இருக்கும். அங்கே கோட்டை மேலே தூக்க வேண்டும். பூச்சி இல்லாத பகுதியில் தாழ்த்தலாம். ஆகவே 0.41-ஐ 'கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது' என்று படிக்க வேண்டுமே தவிர, வெறும் நெகட்டிவ் என்று படிக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் நாள். ஐஜிஎம் உடம்பில் உருவாகக் காய்ச்சல் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே. நீங்கள் ரத்தம் கொடுத்தது ஐந்தாம் நாள். மீன் ஏலம் தொடங்குவதற்கு முன்னால் போய், கரையில் மீனே இல்லை என்று திரும்பி வந்த மாதிரி. டெங்குவில் இதே கணக்கு உங்களுக்குப் பழக்கமாக இருக்கும்: முதல் ஐந்து நாள் என்எஸ்1, அப்புறம் ஐஜிஎம். ஸ்க்ரப் டைபஸில் அந்த முதல் வாரத்துக்கு என்எஸ்1 மாதிரி மலிவான டெஸ்ட் ஒன்று இன்னும் ஊர் லேப்களுக்கு வரவில்லை. ஓட்டை அங்கேதான். இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கும். ஐஜிஎம் ஒருமுறை எழுந்தால் மாதக்கணக்கில் இருக்கும். போன வருஷம் ஸ்க்ரப் டைபஸ் வந்தவருக்கு இந்த வருஷம் டெங்கு வந்தாலும் ஸ்க்ரப் ஐஜிஎம் பாசிட்டிவ் காட்டலாம். அட்டையில் ஒரு சொட்டு விட்டுக் கோடு பார்க்கும் ரேப்பிட் டெஸ்ட்டும் இதே ஐஜிஎம்மைத்தான் பார்க்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வசதி. மங்கலாக ஒரு கோடு வந்தால் மட்டும் பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்து ரிப்போர்ட் மாறும்.

அந்த முதல் வார ஓட்டையை அடைப்பது பிசிஆர். கிருமியின் மரபணுத் துண்டையே பெருக்கிப் பார்ப்பது. முதல் வாரத்தில், மருந்து தொடங்குவதற்கு முன், ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் வேண்டும். கிருமி குழாய்ச் சுவரில் ஒளிந்திருப்பதால் ரத்தத்தில் அதன் எண்ணிக்கை குறைவு. அதனால் ரத்தப் பிசிஆர் நெகட்டிவ் வந்தாலும் முழு நிம்மதி இல்லை. ஆனால் அந்தக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதே, அதில் கிருமி குவிந்து கிடக்கும். பொருக்கை நோகாமல் பெயர்த்து, சுத்தமான புட்டியில் போட்டு அனுப்பினால் அதைவிட நல்ல மாதிரி கிடையாது. மருந்து தொடங்கி ஓரிரு நாள் ஆன பிறகும் அதில் கண்டுபிடிக்க முடியும்.

மாதிரி போகும் பாதையையும் சொல்ல வேண்டும். தொண்டியிலோ சாயல்குடியிலோ காலையில் எடுத்த ரத்தம், கலெக்‌ஷன் சென்டர் மேஜையில் மதியம் வரை கிடந்து, பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ போகிறது. நம் வெயிலில் ஐஸ் இல்லாத பிளாஸ்டிக் பையில் போனால் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் ரோஸ் நிறமாகிவிடும். நான் அப்படி வந்த குழாய்களைத் திருப்பி அனுப்பி வசவு வாங்கியிருக்கிறேன். ரத்தம் கொடுக்கும்போது 'இங்கேயே சீரம் பிரிப்பீர்களா, ஐஸில் வைத்து அனுப்புவீர்களா' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே 'கடைசித் தீர்ப்பு' என்று மதிக்கப்படும் டெஸ்ட் ஐஎஃப்ஏ. கிருமி பூசிய ஸ்லைடில் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயத்தால் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. காய்ச்சல் நேரத்தில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று என இரண்டு மாதிரி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறினால் உறுதி. தீர்ப்பு வரும்போது நோயாளி வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அல்லது... அதனால் இது ஆராய்ச்சிக்கும் கணக்கெடுப்புக்கும் பொருத்தம், கட்டிலில் கிடப்பவருக்கு இல்லை.

அப்படியானால் டாக்டர் எதை வைத்து முடிவெடுத்தார்? அவர் உங்களுக்குச் சொல்லாமல் பார்த்த விஷயங்கள் சில இருந்திருக்கும். மழை முடிந்த குளிர் மாதங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2003இல் தென்னிந்தியாவின் ஸ்க்ரப் டைபஸ் பரவலைப் பற்றி எழுதியபோதே அது குளிர் மாதங்களில் வந்ததைக் குறிப்பிட்டிருந்தார்கள். அம்மா கருவேலங்காட்டுக்குள் போகிறவர், கண்மாய்க் கரைப் புல்லில் உட்காருகிறவர். அப்புறம் சாதாரண ரத்தப் பரிசோதனைகள். பிளேட்லெட் குறைவு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டு மூன்று மடங்கு உயர்வு, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவு. டெங்குவிலும் பிளேட்லெட் குறையும், ஆனால் அங்கே வெள்ளணுவும் பெரும்பாலும் குறைந்திருக்கும். இதில் சாதாரணமாகவோ கூடியோ இருக்கும். இவை எதுவும் தனியாக நோயைச் சொல்லாது. சேர்ந்து நின்றால் டாக்டரின் கை பேனாவுக்குப் போய்விடும்.

போகவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: ரிக்கெட்சியல் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸும் உண்ணி டைபஸும் அடங்கிய வகை) என்று சந்தேகம் வந்தால் லேப் முடிவுக்காகக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கு. காத்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும், சிறுநீரகம் கெடும், மூளைக்காய்ச்சல் வரும். டாக்ஸிசைக்ளின் பழைய, மலிவான மாத்திரை. பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் வாங்கிப் போட வேண்டாம், சொல்லிவிட்டேன்.

டாக்ஸிசைக்ளின் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்குவதையும் ஒரு விதத்தில் டெஸ்ட்டாகவே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்கு அது பாசிட்டிவ். முழுச் சாட்சி இல்லை, எலிக்காய்ச்சலும் இந்த மருந்துக்கு அடங்கும். ஆனால் இறங்காமல் இருந்திருந்தால் டாக்டர் வேறு நோயைத் தேடியிருப்பார்.

இப்போது நிஜ உண்ணி. இந்திய உண்ணி டைபஸில் பெரும்பாலும் மேலெல்லாம் சிவப்புத் தடிப்பு வரும், முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது, உள்ளங்கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது, ஸ்க்ரப் டைபஸ் எலைசா இந்த நோயைப் பிடிக்காது. கிருமியும் வேறு, தட்டில் பூசிய புரதமும் வேறு. இதற்கு 'ஸ்பாட்டட் ஃபீவர் ஐஜிஎம்' என்று தனி கிட் இருக்கிறது, எல்லா லேப்களிலும் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டின் நெகட்டிவ் இந்த நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்லவேளையாக மருந்து ஒன்றுதான்.

ஆட்டு உண்ணியைப் பிடித்து அனுப்புவதால் அம்மாவுக்கு ஒரு பலனும் இல்லை. உண்ணியில் கிருமி இருந்தால் அம்மாவுக்குத் தொற்றிவிட்டது என்று ஆகாது, இல்லாவிட்டால் வேறு உண்ணி கடிக்கவில்லை என்றும் ஆகாது. அது பூச்சியியல் ஆராய்ச்சியாளர்களின் வேலை. ஆடு சோர்ந்து, வெளிறி, தீனி எடுக்காமல் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், உண்ணி ஆட்டுக்கே தனியாக ரத்த நோய்களைக் கொடுக்கும். மனிதர் தோலில் உண்ணி ஒட்டியிருந்தால் சீமெண்ணெய் ஊற்றாதீர்கள், பீடியால் சுடாதீர்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம்.

துபாய் அண்ணனுக்கு: லைம் நோய் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்ந்த காடுகளில் இருக்கும் வேறு இன உண்ணியால் வருவது. இல்லாத இடத்தில் டெஸ்ட் எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். நூற்றுக்கு 95 தடவை சரியாக 'இல்லை' என்று சொல்லும் டெஸ்ட்டை, நோயே இல்லாத ஆயிரம் பேருக்கு எடுத்தால் ஐம்பது பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். அந்த ஐம்பதில் ஒருவராக உங்கள் அம்மா வந்தால் அதற்கு யார் மருந்து கொடுப்பது? குரங்குக் காய்ச்சல் என்ற கியாசனூர் காட்டு நோயும் உண்ணியால் வருவதுதான், 1957இல் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு விஷயம். அம்மா அந்தப் பக்கம் தோட்ட வேலைக்கோ காட்டுக்கோ போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

இரண்டாவது தடவை ஐஜிஎம் எடுப்பதா என்றால், காய்ச்சல் விட்ட நிலையில் சிகிச்சைக்கு அது தேவையில்லை. மனத் திருப்திக்கு வேண்டுமானால் முதல் ரத்தம் எடுத்துப் பத்து, பதினாலு நாள் கழித்து, அதே லேபில் எடுங்கள். சீட்டில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களுக்கு ஐஜிஎம் நன்றாக எழாமலும் போகலாம், அப்போதும் நெகட்டிவ் வந்தால் என்னைத் திட்டாதீர்கள். மாத்திரையை ஏழு நாளும் முடிக்கட்டும். சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி. பாலோடு வேண்டாம், போட்டவுடன் படுக்கவும் வேண்டாம், நெஞ்சு எரியும். இடையில் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ ரிப்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்காமல் நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.